பூட்டு போர்த்திய போர்வை

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. எல்லோருக்கும் அவள் பூட்டு. டாக்டருக்குப் பூட்டு, ஊசி போடும் நர்ஸுக்குப் பூட்டு, தரை துடைக்கிறவருக்கும் பூட்டு. ஸ்கேன் எடுக்கிற டெக்னீசியன் அவள். திரையில் படம் விழும்போது உலகத்திலேயே முதலில் பார்க்கிற ஆள் அவள்தான். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. வரவும் கூடாது, படத்தைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. மெஷினிலிருந்து இறங்குகிற ஒவ்வொருத்தியும் முதலில் இவள் முகத்தைத்தான் பார்ப்பாள். என்னம்மா தெரிஞ்சுது, பயப்பட வேண்டாம்னு தலையையாவது ஆட்டேன் என்று கெஞ்சுவாள். "தண்ணி நிறைய குடிங்க, ரிப்போர்ட்ட டாக்டர் சொல்லுவாங்க" என்பாள் பூட்டு. நல்ல படத்துக்கும் அதே வாக்கியம், கெட்ட படத்துக்கும் அதே வாக்கியம். குரலில்கூட ஒரு நூல் கூடாது, குறையாது.

அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், சினைப்பை என்று எங்காவது ஒரு இடத்தில் புற்று உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு வருகிறவர்கள். இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியெல்லாம் வேறு வாசலிலேயே முடிந்துபோயிருக்கும். எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த வாசல். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்று சர்க்கரைக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலைகிற ஜென்மம். எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அள்ளித் தின்னும், தின்ற இடம் படத்தில் கருப்பாக விழும். மூளையும் மூத்திரப்பையும் எப்போதும் கருப்பாகத்தான் தெரியும். அதெல்லாம் வீட்டு ஆட்கள். மற்ற இடத்தில் கருப்பு தெரிந்தால்தான் கெட்ட சேதி.

ஊசி போட்ட பிறகு ஒரு சின்ன அறையில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது. முக்கியமாகக் குளிரில் நடுங்கக் கூடாது. நடுங்கினால் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ள, கழுத்தோரம் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பும் சர்க்கரையைத் தின்றுவிட்டு, படத்தில் புற்று மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வருகிற எல்லோருக்கும் ஒரு கனத்த சாம்பல் நிறப் போர்வை உண்டு. படுத்தவுடன் நர்ஸ் கழுத்துவரை போர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆஸ்பத்திரியில்தான் பூட்டு. வீட்டுக்கு வந்தால் அவள் வாய் மூடாது. பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், கேன்டீன் டீ எப்படிக் கழுநீராக இருந்தது, எல்லாம் வரும். கல்யாணம் காட்சி என்று போகாமல் அக்கா வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டவள், ஆகவே எல்லாம் அக்கா காதில்தான் விழும். அக்கா அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒல்லி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு, கற்றுக்கொள்கிறவர்களின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆள் பயந்தால் முகம் மறைத்துவிடும், கை மறைக்காது என்பது அவளுடைய தொழில் ரகசியம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற விரல் வெளுக்கும்போதே அவள் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

அப்படிப்பட்டவளிடம்தான் ரேடியோ ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கதையைச் சொல்லித் தொலைத்தாள். அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாளாம். நீ பெரிய பூட்டுதான், ஆனா சாவி உன் கையிலயே தொங்குது என்றாளாம். என்னடி என்று கேட்டால், படம் நன்றாக வந்தவர்களைத் தானே எழுந்து போக விட்டுவிடுகிறாய், படம் மோசமாக இருந்தால் மட்டும் உள்ளே ஓடிப்போய்த் தோளைச் சுற்றிப் போர்வையைப் போர்த்தி, உடுப்பு மாற்றுகிற அறைவரை கூட்டிக்கொண்டு போகிறாய் என்றாளாம். இத்தனை வருடமாகத் தனக்கே தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் ரேடியோ. அக்காவுக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசாதவர். அவர்கூட அன்று சிரித்தார். அதன் பிறகு யாருக்காவது ஜலதோஷம் என்றாலும் அக்கா, ரேடியோ போர்வையோட வர்றா, சோலி முடிஞ்சுது என்பாள். வீடே அதை ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொண்டது.

மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவளுக்கு மறுபடி உதிரம் பட்டால் அது என்ன என்று பூட்டுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அக்கா உடம்புச் சூடு என்றாள், அலைச்சல் என்றாள், யாரிடமும் சொல்லாமல் கருப்புக் கால்சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். மாதக்கணக்கில் ஓட்டிவிட்டாள். ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பூட்டுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"நான் தினமும் எங்க வேலை பாக்கறேன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும். அதனாலதான் சொல்லல" என்றாள் அக்கா.

சதையைக் கிள்ளிச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பைக்குள் புற்று, அதிலும் முரட்டு வகை. ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பையோடு நின்றிருந்தால் மொத்தமாக எடுத்துவிடலாம், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மேலே ஏறி நெஞ்சு, கழுத்து என்று போயிருந்தால் கத்தி வைத்துப் பயனில்லை. மருந்து ஏற்றித் தள்ளிப்போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அக்கா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். வெட்டி எறிஞ்சுட்டு அடுத்த மாசம் வண்டியில ஏறிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. நடுவில் இந்த ஒரு ஸ்கேன்தான்.

சொந்தக்காரர்களை நாமே எடுக்க வேண்டாம், வேறு டெக்னீசியனைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்கேன் டாக்டர் நல்ல விதமாகத்தான் சொன்னார். பூட்டு கேட்கவில்லை. என் அக்கா உடம்ப இன்னொருத்தர் முதல்ல பாக்க வேணாம் சார் என்றாள். பிடிவாதம். ஆனால் ஊசி போட்டு அக்காவைச் சின்ன அறையில் படுக்க வைத்த பிறகு, அவளுடைய பிடிவாதம் கரைந்துபோனது. ஊசி போட்டவர்கள் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும் என்பதால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கேமரா வழியாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாளில் அந்தத் திரையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்க்கிறவள், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்த்தாள். அக்கா படுத்துக் கிடப்பதைப் பார்க்கிற தெம்பு இல்லை. நர்ஸ் போர்த்திவிட்டாள், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

பிறகு மெஷின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் படம் தொடையிலிருந்து மேலே மேலே விழுந்தது. மூத்திரப்பை கருப்பு, அது எப்போதும் உள்ளது. அதற்கு மேலே கர்ப்பப்பை ஒரு கைப்பிடி அளவுக்குக் கருப்பு. அதுவும் தெரிந்த சேதிதான், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். இடுப்பைத் தாண்டியதும் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சுத்தம். ஈரல் சுத்தம். நெஞ்சு சுத்தம். ஒவ்வொரு துண்டு விழும்போதும் பூட்டு ஒரு மூச்சு விட்டாள். தப்பிச்சுட்டடி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த துண்டில் கழுத்து விழுந்தது. இரண்டு பக்கமும் கருப்பு.

கழுத்திலிருந்து தோள் வரைக்கும் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. பூட்டு எழுந்தாள். அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்து உள்ளே போய், அலமாரியில் அடுக்கியிருந்த போர்வை மேல் கையை வைத்த பிறகுதான், மெஷினிலிருந்து வெளியே வந்திருந்த அக்காவின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அது பூட்டின் கை மேல் இருந்தது.

கையை எடுத்துவிட்டாள். அலமாரிக் கதவைச் சாத்த வந்தவள் மாதிரி சாத்தினாள்.

"தண்ணி நிறைய குடி. ரிப்போர்ட்ட டாக்டர் சொல்லுவாரு."

அக்கா தானே எழுந்தாள், தானே செருப்பைப் போட்டுக்கொண்டாள், தானே உடுப்பு மாற்றப் போனாள். சற்று நேரத்தில் வெளியே காத்திருந்த வீட்டுக்காரரிடம், போர்வை வரலைங்க, போர்வை வரல என்று அவள் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. எட்டிப் பார்த்தபோது அந்த மனுஷன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பூட்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வாயால் பொய் சொன்னதில்லை என்ற பெருமை அவளுக்கு உண்டு. அன்று கையால் சொல்லிவிட்டாள்.

ஸ்கேன் டாக்டர் படத்தைப் பார்த்தவுடன், குளிரில் நடுங்கினார்களா என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுகிறதே, கொழுப்பு மாதிரி இருக்கிறதே என்றார். இல்லவே இல்லை, போர்வை போர்த்தியிருந்தது என்று பூட்டு அடித்துச் சொன்னாள். நர்ஸைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் சின்ன அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டு வந்தாள். கடையில் வாங்கின மாதிரி நாலாக மடித்திருந்தது. கூட்டி வரப் போனபோது கை ஐஸாக இருந்தது, கேட்டதற்குப் புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னார்கள் என்றாள்.

பூட்டுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. அந்தப் போர்வை எல்லோருக்கும் கொடுக்கிற போர்வை என்று அவள் அக்காவிடம் சொன்னதே இல்லை. கதையின் சிரிப்பான பாதியை மட்டும்தான் சொல்லியிருந்தாள். விளக்கணைந்த அறையில், மெஷினுக்குள் போவதற்கு முன்பே தன் மேல் அந்தப் போர்வை விழுந்ததும் அக்கா என்ன நினைத்திருப்பாள்? உதறிவிட்டு, மடித்துக் கீழே தள்ளிவிட்டு, ஏசி குளிரில் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"அப்ப இது என்னாலதான் சார். என் தப்புதான்" என்றாள் பூட்டு. தான் செய்த தப்பை அவ்வளவு சந்தோஷமாக ஒத்துக்கொண்ட மனுஷியை டாக்டர் பார்த்திருக்க மாட்டார். அவர் படத்தைப் பெரிதாக்கினார். இடது பக்கம், கழுத்தடியில் இருக்கிற காறை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தார். மற்றதெல்லாம் கொழுப்புதான் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே கருப்புக்குள் ஒரு சின்ன உருண்டை இருக்கிற மாதிரி படுகிறது, கர்ப்பப்பைப் புற்று மேலே ஏறினால் வந்து தங்குகிற இடம் இது என்றார். பூட்டு அதைப் பார்க்கவே இல்லை. ஆயிரம் படத்தில் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறவள், அக்கா படத்தில் தாண்டிப் போயிருந்தாள். நன்றாகச் சூடாக வைத்து மறுபடி எடுப்போம், மறைந்தால் கொழுப்பு என்றார் டாக்டர். மறையாவிட்டால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அக்கா டிரைவிங் ஸ்கூல் காரில், இரண்டு பாடத்துக்கு நடுவே, மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தாள். பூட்டு டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, போர்வை எல்லோருக்கும் உண்டு என்பதையும், குளிர்ந்தால் கொழுப்பு வேஷம் போடும் என்பதையும், மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நேத்து போர்வை வராததுக்கு என்ன அர்த்தம்?"

"எடுக்கத்தான் வந்தேன். நீ பாத்தே. அதான் விட்டுட்டேன்."

"உன் கை போனதையும் பாத்தேன், திரும்பி வந்ததையும் பாத்தேன்டி. நான் பாக்காத கையா? நல்லதுன்னு நானா வச்சிக்கிட்டேன். மாமா மூஞ்சியப் பாத்து சந்தோஷமா ஒரு நாளாவது இருக்கலாமேன்னு."

பூட்டு ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுகிற வேகத்தில் ஹாரன் அடித்துவிட்டது. எதிரே வந்த சைக்கிள்காரர் அரண்டு ஒதுங்கினார். முதல் பாடத்துலயே ஹாரனா என்று அக்கா சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள். "என் முட்டாள்தனத்தாலதான் கருப்பா விழுந்துச்சுன்னா, நான் சாகற வரைக்கும் முட்டாளாவே இருந்துட்டுப் போறேன். அப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கோ" என்றாள்.

இரண்டாம் முறை எதிலும் குறை வைக்கவில்லை. சின்ன அறையின் ஏசியைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். படபடப்பு அடங்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அக்கா காலுறை, ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பூட்டே போர்வையைப் போர்த்தினாள். இந்த முறை கேமரா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா அசையவில்லை, போர்வைக்குள் சின்னப் பிள்ளை மாதிரி தூங்கிப்போயிருந்தாள். கன்னத்தில் லேசாக வியர்வை இருந்தது. அந்த வியர்வையைப் பார்த்துப் பூட்டுக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

மெஷின் மேஜையில் படுக்க வைத்தபோது அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மாத்திரை வேலையில் குரல் கொஞ்சம் குழைந்திருந்தது.

"இந்தத் தடவை போர்வை முதல்லேருந்தே மேல இருக்கு. உன் கையப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனால சொல்றேன். நல்லதுன்னா நீயே வந்து எடுத்துடு. நீ வாயத் திறக்க வேணாம், உன் சட்டம் உனக்கு இருக்கட்டும்."

பூட்டு மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள். வெளியே வந்து உட்கார்ந்தாள். மறுபடி தொடையிலிருந்து படம் ஏறியது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, ஈரல், நெஞ்சு. இந்த முறை மூச்சு விடவில்லை. கழுத்து விழுந்தது. வலது பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்றைக்குத் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. இடது பக்கமும் அப்படியே போயிருந்தது, காறை எலும்புக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளியைத் தவிர. சுற்றி எதுவும் இல்லாததால் அது இன்னும் கருப்பாகத் தெரிந்தது.

ஊசி குத்திப் பார்த்துத்தான் டாக்டர் உறுதி சொல்வார். ஆனால் சர்க்கரையைத் தின்றுவிட்டு அப்படி உருண்டையாக உட்கார்ந்திருப்பது எது என்று பூட்டுக்குத் தெரியும். குறித்த நாளில் ஆபரேஷன் நடக்காது என்றும் தெரியும். டாக்டரம்மா அக்காவை உட்கார வைத்துச் சொல்வதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். போர்வையை எடுத்துவிட்டால் அந்த இரண்டு மூன்று நாளும் அக்கா வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். மாமா கடையைத் திறப்பார். எடுத்துவிடலாமா என்று அவள் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எடுத்துவிடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். கெட்ட சேதியை முதல் ஆளாகச் சுமக்கிற இந்தப் பிழைப்பு நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டினாள்.

உள்ளே மேஜை மெஷினுக்கு வெளியே வந்திருந்தது. அக்கா முழித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், டிரைவிங் ஸ்கூல் காரில் பார்க்கிற அதே பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் இன்னொரு பொய்யைக் கொண்டுபோய் வைக்கப் பூட்டுக்குக் கை வரவில்லை. போர்வையின் விளிம்பைப் பிடித்தாள். அக்கா மூச்சை அடக்கினாள். பூட்டு அதை மேலே இழுத்து, இரண்டு தோளையும் மூடி, கழுத்தோரம் இடைவெளி இல்லாமல் செருகினாள்.

வெளியே மாமா காத்திருக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

"கால் பக்கம் விலகியிருக்கு பாரு. அங்கயும் போத்திவிடு" என்றாள் அக்கா.

பூட்டு அங்கேயும் போர்த்திவிட்டாள்.